தர்ப்பணத்தில் சொல்லாத பெயர்

அன்புள்ள தயா,

உன் புத்தக வெளியீட்டு விழாவிலிருந்து நான் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தேன் என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். வெளிநடப்புச் செய்ய நான் சட்டமன்ற உறுப்பினர் அல்ல. நாற்காலியைச் சத்தம் வராமல் நகர்த்தி, கைப்பையை எடுத்துக்கொண்டு, பக்கக் கதவு வழியாக வெளியே போனேன். நடந்தது அவ்வளவுதான். காரணங்களையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். வளர்த்தவளை மேடையில் ஏற்றவில்லை என்று கோபமாம். முன்னுரையில் எனக்கு ஒரே ஒரு வரிதான் என்று வருத்தமாம். மகனுடைய மொழிபெயர்ப்பில் நான் சிவப்பு மையால் திருத்தங்கள் போட்டு அனுப்ப, அவன் அவற்றை மதிக்காமல் அச்சிட்டுவிட்டானாம். என்னோடு பள்ளியில் வேலை பார்த்த லலிதா தொலைபேசியில் கூப்பிட்டு, “ஏம்மா, பெத்த புள்ளையா இருந்தா மேடையில பக்கத்துல ஒக்கார வச்சிருப்பான் இல்ல? இன்னாத்துக்கு இத்தினி வருஷம் இட்லி அவிச்சுப் போட்ட நீ?” என்று கேட்டாள். “உனக்கு அவித்துப் போட்டதை விடக் குறைவுதான்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சிவப்பு மை போட்டது மட்டும் உண்மை. ஆனால் புத்தகம் அச்சாகி என் கைக்கு வந்த பிறகுதான் போட்டேன். அதை உனக்கு அனுப்பவும் இல்லை. விழா முடிந்து கையில் கொடுக்கலாம் என்று பையில் வைத்திருந்தேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நான் எழுந்து போனதற்கும் அந்தச் சிவப்பு மைக்கும் தொடர்பு உண்டு. அவர்கள் நினைக்கும் தொடர்பு அல்ல. இதை ஓர் உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். தவறு அச்சில் வந்திருப்பதால் திருத்தமும் அச்சில் வரட்டும் என்று அதே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னைப் போலக் கடல் தாண்டி வந்த பிள்ளைகளை வளர்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் நீ வந்த கதை. உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது எவ்வளவு கொஞ்சம் என்று நீ அறிய வேண்டும். தொண்ணூறாம் ஆண்டின் கடைசியில், இலங்கையிலிருந்து படகில் வந்த உங்களைச் செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு பழைய கிடங்கில் தங்கவைத்திருந்தார்கள். நான் அப்போது பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கல்பாக்கத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த என் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்களுக்குக் குழந்தை இல்லை. பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒன்றும் இல்லாததால் முகாமுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். நீ ஏழு வயதுப் பையன். சாக்கு மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாய். உன்னைப் படகில் கூட்டி வந்த உங்கள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா என்னிடம் சொன்னாள்: “இவன்ர தகப்பன் போன வருசம் கடல்ல செத்துப்போனார், ரீச்சர். தாய் அடுத்த வள்ளத்தில வாறா. அதுமட்டும் இவனுக்கு ஒரு படிப்பு இருந்தா நல்லம்.” நீ தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அடுத்த படகு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பொங்கலுக்கு முன் அதிகாரிகளிடம் பேசி, கையெழுத்துகள் போட்டு, உன்னை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மா வரும் வரைக்கும் என்றுதான் உன்னிடம் சொன்னேன். பொன்னம்மா தொண்ணூற்றிரண்டில் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள். உன் அம்மா புவனேஸ்வரியைப் பற்றி நான் உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது கல்நெஞ்சம் அல்ல, தயா. நான் படித்த கான்வென்டில் விடுதிப் பிள்ளைகளில் பலர் தாய் தகப்பன் இல்லாதவர்கள். அவர்களிடம் வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பது சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் ஒழுங்கு. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவள் நான். நீ என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. ரீச்சர் என்றாய், செங்கல்பட்டுப் பேச்சு நாக்கில் ஏறிய பிறகு டீச்சர் என்றாய். வரப்போகிறவளுக்காக அந்தச் சொல்லை எடுத்து வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். நல்ல பிள்ளை என்றும் நினைத்தேன்.

நல்ல பிள்ளை என்று உன்னைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செருப்பைக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக, முனை வாசலைப் பார்க்க வைப்பாய். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கொடித் துணி. வானத்தில் சிறு சத்தம் கேட்டாலும் கொல்லைப்பக்கம் ஓடி, காய்ந்த துணி, காயாத துணி என்று பாராமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே வருவாய். நமக்குப் பால் ஊற்றிய எல்லம்மா அதைப் பார்த்துவிட்டு, “இன்னா டீச்சரம்மா, உங்க புள்ளைக்கு மழ வாசன புடிக்கிற மூக்கு கீது போல! எங்க வூட்டுல மூணு தடிமாடு கீது. தலமேல மழ கொட்டினாலும் துணி எடுக்காது, அதுங்களும் நனஞ்சிகினு நிக்கும்” என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் ஈரத்துணியை மடித்து வைத்தால் நாறும் அல்லவா? ஒருநாள் உன்னைக் கொடிக்குக் கீழே நிறுத்தி, “புறங்கையால் தொட்டுப் பார். குளிர்ந்தால் ஈரம். ஈரமாக இருப்பதை எடுக்கக் கூடாது” என்று பாடம் நடத்தினேன். நீ பாடத்தைக் கேட்டுக்கொண்டாய். அதற்குப் பிறகு ஈரத்துணியை எடுக்கவில்லை. தாம்பரத்துப் பக்கமிருந்து பயிற்சி விமானம் வரும்போதெல்லாம், அது நம் வீட்டைத் தாண்டிப் போகும் வரை கொடிக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாய். பையனுக்கு விமானம் பார்ப்பதில் ஆசை என்று நினைத்து, பிறந்த நாளுக்கு ஒரு பொம்மை விமானம் வாங்கிக் கொடுத்தேன். அதை நீ பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறான் என்று அதையும் நான் பாராட்டினேன்.

இனி நான் சொல்லப்போவது எழுதுவதற்குச் சிரமமாக இருக்கிறது. என் பிறந்த வீட்டில் சித்திரா பௌர்ணமி என்றால் கொண்டாட்டம். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய், நிலா ஏறும்போது மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். கல்யாணத்துக்குப் பிறகும் அதை நான் விடவில்லை. நீ வந்த பிறகு வந்த முதல் சித்திரா பௌர்ணமிக்கும் லலிதா குடும்பத்தோடு போனோம். நீ பகலில் நன்றாகத்தான் சாப்பிட்டிருந்தாய். கடற்கரையில் தட்டை வைத்ததும் கையை மேலே மூடிக்கொண்டு, “எனக்கு வேண்டாம் ரீச்சர்” என்றாய். ஏன் என்று கேட்டேன். நீ கையை எடுக்கவில்லை. “வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் இல்லாமல் சோற்றை ஒதுக்குவது திமிர்” என்றேன். லலிதா, “வுடு, கொழந்தைக்கு பஸ்சுல வந்தது ஒத்துக்கல” என்றாள். நான் விடவில்லை. எல்லோரும் பார்க்க ஒரு கவளம் புளியோதரையை உருட்டி உன் வாயில் வைத்தேன். நீ விழுங்கினாய். எழுந்து அலை வரும் இடத்துக்குப் போய் வாந்தி எடுத்தாய். பிறகு வாயைக் கழுவிக்கொண்டு வந்து, உன் தட்டைத் துடைத்துப் பையில் வைத்தாய். அடுத்த ஆண்டுகளில் நீ அடம் பிடிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகத் தனியே போவாய். வெறுந்தட்டோடு திரும்பி வருவாய். மணலில் நாய்கள் உன் பின்னால் வந்துகொண்டிருக்கும். பையனுக்கு நாய் என்றால் பிரியம் என்று நினைத்தேன்.

ஆடி அமாவாசைக்கும் அதே கடற்கரைக்கு வருவோம். அங்கே நான் உன் பக்கம் நின்றேன் என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன். உனக்குத் தகப்பனார் இல்லை என்பது உறுதியாகத் தெரிந்ததால், அவருக்குத் தர்ப்பணம் செய்வது உன் கடமை என்று எட்டு வயதிலேயே உன்னை அழைத்துப் போனேன். சாஸ்திரிகள் மணலில் தர்ப்பையை வைத்துவிட்டுக் கேட்பார்: “தகப்பனார் பேரச் சொல்லு கொழந்தே... தாயார்?” நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன், “இருக்காங்க.” அவர் என்னைப் பார்ப்பார். “நான் இல்லை, இவனைப் பெத்தவங்க. இருக்காங்க” என்று இன்னொரு முறை அழுத்திச் சொல்வேன். “அப்படின்னா பாட்டியிலேர்ந்து ஆரம்பிப்போம்” என்று அவர் எள்ளையும் தண்ணீரையும் உன் கையில் விடுவார். உறவினர்கள் என்னைத் திட்டினார்கள். “இத்தன வருஷமாச்சு, அந்தப் பொம்பள இருந்தா ஒரு கடுதாசி போட மாட்டாளா? பையன் கையால தண்ணி எறச்சா அவ ஆத்மாவாவது அடங்கும்” என்றார் என் கணவரின் அண்ணன். உயிரோடு இருக்கக்கூடிய ஒரு பெண்ணுக்கு எள் இறைக்க என் வீட்டுப் பிள்ளையை விடமாட்டேன், உடம்பைப் பார்த்தவர் யாராவது என் முன்னால் வந்து சொல்லட்டும் என்றேன். உடம்பைப் பார்த்தவன் என் பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தானா, தயா? அதுதான் என் கேள்வி. ஆனால் அதற்கு உரிய இடம் இன்னும் வரவில்லை.

சுனாமிக்குப் பிறகு சாஸ்திரிகள் கடலை விட்டுத் தள்ளி உட்கார ஆரம்பித்தார். அந்த ஆண்டும் கேட்டார், அந்த ஆண்டும் சொன்னேன். நீ அதற்குள் பெங்களூரில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போய்விட்டாய். ஆடி அமாவாசைக்கு மட்டும் தவறாமல் வந்தாய். அப்படி வந்த ஒரு முறைதான் உக்ரைன் நாட்டுக் கதைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறாய் என்று சொன்னாய். இன்றைய எழுத்தாளர்கள், தங்கள் தாய் தகப்பன் காலத்துப் போரில் அநாதையான பிள்ளைகளைப் பற்றி எழுதியவை என்றாய். எதற்கு அவ்வளவு தூரம் போகிறாய், உன் ஊரிலேயே போர் இல்லையா என்று கேட்டேன். “என் ஊரைப் பத்தி எழுதக் கை வரல, டீச்சர். அடுத்தவங்க போர்னா வருது” என்றாய். இட்லிக்குச் சட்னி போதுமா என்று நான் கேட்டேன்.

புத்தகம் வந்ததும் ஆங்கிலப் பிரதியையும் வரவழைத்துக்கொண்டேன். உன் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. நாற்பது ஆண்டுகள் திருத்திய கைக்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியாது. நல்ல கதைகள். நெஞ்சை அடைக்கும் கதைகள். தலையணைக்குள் ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைக்கும் பையன். விடுதியில் பார்க்கும் ஒவ்வொரு சமையற்காரியின் முந்தானையையும் முகர்ந்து பார்க்கும் சிறுமி. சமையற்காரிகளுக்கு நீ முந்தானை கொடுத்ததைச் சுழித்தேன். அவர்கள் கட்டுவது ஏப்ரன். செத்துப்போன அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும் தம்பி. அந்த எழுத்தாளர்களிடம் ஒன்றைக் கவனித்தேன். சாவைக் காட்ட மாட்டார்கள். அது நடந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு, பிறகு அந்தப் பிள்ளை எப்படிச் சட்டைப் பொத்தானைப் போடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். போரைப் பார்க்காதவர்கள் ரத்தத்தை எழுதுவார்கள், பார்த்தவர்களின் பிள்ளைகள் பொத்தானை எழுதுகிறார்கள் என்று உன்னிடம் சொல்ல நினைத்துக்கொண்டேன்.

ரயிலடியை ஒட்டிய சிற்றூரில் நடக்கும் கதையில்தான் நான் நின்றேன். ஐந்து வயதுச் சிறுமி. குளிர்காலம். விமானச் சத்தம் கேட்டு நிலவறைக்குள் ஒளிந்திருக்கிறார்கள். தாய் வெளியே போகிறாள். உன் தமிழில் அதற்குப் பிறகு ஒரு பத்தி வருகிறது. விமானத்தில் இருப்பவர்கள் வெள்ளைத் துணியைக் கண்டால் வீட்டில் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று, கொடியில் காயும் துணிகளை எடுக்க அவள் ஓடுகிறாள். எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறாள். பையனின் காற்சட்டை ஒன்று முருங்கைக் கிளையில் மாட்டிக்கொள்கிறது. அதற்காக அவள் திரும்புகிறாள். பிறகு கொடி மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. நான் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். ‘முருங்கை’ என்ற சொல்லைச் சுழித்து, பனி பெய்யும் ஊரில் முருங்கை ஏது என்று ஓரத்தில் எழுதினேன். ‘பையனின்’ என்பதைச் சுழித்து, கதையில் வருவது சிறுமி அல்லவா என்று எழுதினேன். உன் பிழையைப் பிடித்துவிட்ட சந்தோஷம்கூட எனக்கு இருந்தது. பிறகுதான் சரியான சொல் என்ன என்று பார்க்க ஆங்கிலப் பிரதியைத் திருப்பினேன். தாய் வெளியே போகிறாள். அதன் கீழே வெள்ளையாக இடம் விட்டிருக்கிறது. அடுத்த வரியில் சிறுமி அநாதை விடுதியில் துண்டு மடித்துக்கொண்டிருக்கிறாள். உன்னுடைய அந்தப் பத்தி அந்தக் கதையிலேயே இல்லை.

என்னை நீ முட்டாள் என்று நினைக்காதே. அந்தப் பத்தி உன்னுடையது என்று கண்டதுமே நம் கொல்லைக் கொடி என் நினைவுக்கு வந்தது. ஆனாலும் மனம் எப்படியெல்லாம் வழக்காடும் தெரியுமா? கதை எழுத ஆசைப்படும் பையன், மொழிபெயர்ப்பில் தன் கைச்சரக்கைக் கொஞ்சம் கலந்துவிட்டான், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மொழிபெயர்ப்பாளன் செய்யக் கூடாத காரியம், விழா முடிந்ததும் தனியாக அழைத்துக் கண்டிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அந்தக் கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்கு வந்தேன். அன்று சித்திரா பௌர்ணமி என்பதுகூட எனக்கு ஒரு தொந்தரவாகத்தான் இருந்தது. கடற்கரைக்குப் போகாமல் போகும் முதல் ஆண்டு.

அரங்கில் என் பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தட்டில் வடை கொண்டுவந்தார்கள். அவர் வேண்டாம் என்று கையைத் தட்டின் மேல் மூடினார். அந்தக் கையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. “சூடாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். “இல்லையம்மா, இண்டைக்குச் சித்திராப் பௌர்ணமியல்லோ? பகல் ஒருநேரம் சாப்பிட்டது. இனி நாளைக்குத்தான்” என்றார். உங்கள் ஊரில் அன்று எந்தச் சாமிக்கு விரதம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். “சாமிக்கில்லை, அம்மாவுக்கு. தகப்பன் இல்லாத ஆக்களுக்கு ஆடி அமாவாசை, தாய் இல்லாத ஆக்களுக்குச் சித்திராப் பௌர்ணமி. எங்கட ஊரில சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும்.” தாய் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். “தாய் இருக்கிற பிள்ளை விரதம் பிடிக்கக் கூடாதம்மா. அப்பிடிப் பிடிச்சா அந்தத் தாய்க்கு ஆகாது. நிச்சயமாத் தெரிஞ்சவைதான் பிடிப்பினம்” என்றார். மேடையில் யாரோ உன் முன்னால் வடைத் தட்டை நீட்டினார்கள். நீ கையை அதன் மேல் மூடினாய். பிறகு அதை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தாய். அப்போதுதான் நான் எழுந்தேன்.

திரும்பும் ரயிலில் செங்கல்பட்டு வரைக்கும் நிலா ஜன்னலோடு வந்தது. ஏரிக்கரையைத் தாண்டும்போது தண்ணீரில் கிடந்தது. நான் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் எதிரில் இருந்த பெண், “இன்னா ஆயா, ஒடம்பு சரியில்லையா? தண்ணி வேணுமா?” என்று கேட்டாள். யாரும் என்னை ஆயா என்று கூப்பிட நான் அனுமதித்ததில்லை. அன்று வாங்கிக் குடித்தேன்.

நீ என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன், தயா. செருப்பு வாசலைப் பார்த்தது ஒழுங்குக்காக அல்ல. விமானம் பார்க்க ஆசையும் இல்லை, நாய் மேல் பிரியமும் இல்லை. உன் பயத்துக்கெல்லாம் நான் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு வயதில் உன் தாய்க்காக நீ பிடித்த முதல் விரதத்தை, எல்லோரும் பார்க்க, என் கையால் புளியோதரை உருட்டி முறித்தேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதலாம். எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். எனக்கு அது வேண்டாம். எனக்கு உண்மை வேண்டும். முருங்கைக் கிளையில் மாட்டிய காற்சட்டை நீ கண்ணால் கண்டதா, அல்லது யாரோ சொல்லக் கேட்டதா, அல்லது ஒன்றும் தெரியாத வெறுமை தாங்காமல் நீயே கட்டிய கதையா? ஊகித்து மதிப்பெண் போடும் பழக்கம் எனக்கு இல்லை. பொன்னம்மா அடுத்த படகு என்று சொன்னது உனக்காகவா, எனக்காகவா என்பதும் தெரியவில்லை. தாய் இருக்கிற பையன் என்றால் வீட்டுக்குக் கூட்டிப்போகத் தயங்க மாட்டாள் என்று என்னை எடைபோட்டிருக்கலாம். அப்படியானால் சரியாகத்தான் எடைபோட்டாள்.

இன்னொன்றும் என்னை விடாமல் அரிக்கிறது. ஆடி அமாவாசை தோறும் நான் “இருக்காங்க” என்றபோது நீ ஒரு முறையும் மறுக்கவில்லை. எனக்குப் பயந்து என்று முதலில் நினைத்தேன். ஆனால் வளர்ந்து, மீசை முளைத்து, சொந்தச் சம்பளத்தில் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த பிறகும் நீ மறுக்கவில்லை. ராத்திரி பஸ் பிடித்து, விடுப்பு எடுத்து, அந்த ஒரு நாளைக்கு வந்தாய். தகப்பனாருக்குத் தண்ணீர் விட பெங்களூரிலும் குளம் இருக்கிறது. சாஸ்திரிகள் கேட்கும்போது நீ கடலைப் பார்ப்பதில்லை, என் வாயைப் பார்ப்பாய். இப்போது யோசிக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு மூன்றாம் மனிதரின் முன்னால், உன் அம்மா இருக்கிறாள் என்று யாராவது உரக்கச் சொல்லிக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தாயோ? என் பிடிவாதத்தில் உனக்கும் ஏதோ ஒன்று இருந்ததோ? இருந்தது என்றால், பொய் சொல்வதை வாழ்நாள் முழுக்கத் தண்டித்து வந்த நான், குரல் இருக்கும் வரை அந்தப் பொய்யைச் சொல்கிறேன். இல்லை, ஒவ்வொரு முறையும் அது உன் மேல் விழுந்த அடி என்றால், இந்த ஆண்டு நான் வாயைத் திறக்க மாட்டேன். புவனேஸ்வரி என்ற பெயரை நீயே சொல். நான் பக்கத்தில் செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆடி பிறக்கப்போகிறது. முட்டி வலிக்கு மணலில் நடப்பது கஷ்டம் என்று மருத்துவர் சொல்கிறார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். தொலைபேசியில் நீ சாப்பிட்டீர்களா டீச்சர் என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், வைத்துவிடுவோம். இத்தனை ஆண்டுகளாக நாம் பேசியது அப்படித்தான். உனக்குச் சொல்ல வராது, எழுத வரும். அடுத்தவர் கதைக்குள் புகுந்தாவது எழுதிவிட்டாய். இந்த முறை உன் கதையை உன் பெயரிலேயே எழுது. அச்சில் வேண்டாம். என் பெயருக்கு, செங்கல்பட்டு வீட்டு முகவரிக்கு, பேனாவால் எழுது. பிழை இருந்தால் இருக்கட்டும், நான் திருத்த மாட்டேன்.

சாஸ்திரிகள் “தாயார்?” என்று கேட்கும்போது நான் என்ன சொல்ல வேண்டும்? ஆடி அமாவாசைக்கு முன் என் கையில் கிடைக்கும்படி பதில் எழுது.

டீச்சர்